கையெழுத்துக்கு முன்

சம்மதம் என்பது அறிவின் செயலா, அல்லது அறிவு போதாமல்போகும் இடத்தில் மனிதன் செய்யும் வேறொரு காரியமா? தத்துவப் புத்தகத்தில் இந்தக் கேள்விக்கு அவசரம் கிடையாது. எனக்குக் கொஞ்சம் அவசரம் இருக்கிறது. இன்னும் பதினோரு நாட்களில் என் இதயத்துக்குள் ஒரு சிறு இடத்தைச் சுட்டு அழிக்கப் போகிறார்கள். அதற்குச் சம்மதித்து நான் கையெழுத்திட வேண்டிய படிவத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கான கோட்டுக்கு மேல், எல்லாம் எனக்குத் தெரிந்த மொழியில் விளக்கப்பட்டது, அதை முழுமையாகப் புரிந்துகொண்டேன் என்று நான் சொல்வதாக ஒரு வாக்கியம். நான் யோசிக்க விரும்புவது அந்தப் 'புரிந்துகொண்டேன்' பற்றி.

விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இதயத்தின் மேலறைகளில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைகளுக்குப் போக ஒரே ஒரு வாசல்தான் உண்டு. ஜெர்மனியில் ஆஷோஃபிடம் ஆய்வு செய்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர் 1906-இல் விவரித்து எழுதிய கணு அது. சிலருக்கு இந்த வாசலை நெருங்கும் இடத்தில் பாதை இரண்டாக இருக்கிறது. ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது. ஏதோ ஒரு துடிப்பு வேளைகெட்ட வேளையில் வந்து சேர, மின்சாரம் ஒன்றின் வழியே இறங்கி மற்றதன் வழியே ஏறிச் சுற்ற ஆரம்பித்துவிடும். அப்போது நாடி நிமிஷத்துக்கு 180, 200 என்று ஓடும். சொல்லாமல் வரும், சொல்லாமல் நின்றுவிடும். பொதுவாக ஆளைக் கொல்வதில்லை. கவுண்டரில் இருக்கும்போது வந்தால் பணம் எண்ணுவதை நிறுத்திவிட்டு, மூச்சை அடக்கி முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் நான் சோம்பேறி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த இரட்டைப் பாதையே நோய் ஆகிவிடாது என்பது. பலருக்கு அது இருந்தும் ஒரு நாளும் சுற்றாமல், அவர்களுக்குத் தெரியாமலேயே அவர்களோடு போய்விடுகிறது. சொத்தைப் பல்லைப் பிடுங்குவதுபோலக் கெட்டதை நீக்குகிறார்கள் என்று இங்கே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. உயிருள்ள சதையில் ஒரு துளியை, அது நிற்கும் இடத்துக்காக அழிக்கிறார்கள்.

தொடையிடுக்கு நாளத்தின் வழியே மெல்லிய வயர்களை இதயத்துக்குள் செலுத்துவார்கள். முதலில் பரிசோதனை. துடிப்புகளைக் கொடுத்து நோயை வரவழைக்க வேண்டும். வராவிட்டால் ஐசோப்ரினலின் என்ற மருந்தை ஏற்றிக் கூப்பிடுவார்கள். வந்தபின் பாதையைக் கண்டு, ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் அந்த இடத்தை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் திசு செத்துவிடும். பெரும்பாலும் முழு மயக்கம் கிடையாது. நோயை விலக்கி வைத்திருந்த மாத்திரையைச் சில நாட்கள் முன்பாகவே நிறுத்திவிட வேண்டும். மருந்து உடம்பில் மிச்சமிருந்தால் நோய் வராது. நோய் வராவிட்டால் சிகிச்சைக்கு இடம் தெரியாது. ஆகவே தயாராவது என்பதன் முதல் அர்த்தம் நோய்க்கு வழிவிடுவது. பட்டினி, சவரம், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

2

நான் வங்கிக் குமாஸ்தா. 'புரிந்துகொண்டேன்' என்ற சொல் அங்கே என் மேஜை வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், வாசகங்கள் அவருடைய மொழியில் வாசித்துக் காட்டப்பட்டன, அவர் புரிந்துகொண்டார் என்று ஒரு உறுதிமொழி சேர்ப்பது வழக்கம். கையெழுத்து விழ வேண்டிய இடங்களில் பென்சிலால் சிறு பெருக்கல் குறி இருக்கும். குறியிலிருந்து குறிக்குப் பேனா தாவும். ஜாமீன் கையெழுத்துப் போட வந்தவர் மச்சானுக்காக வந்திருப்பார். அவர் பார்வை பத்திரத்தில் இருக்காது, மச்சான் முகத்தில் இருக்கும். எதைப் புரிந்துகொண்டீர்கள் என்று கேட்டால் மச்சானைப் புரிந்துகொண்டேன் என்றுதான் அவர் நேர்மையாகச் சொல்ல முடியும். பத்திரத்துக்கு அது தேவையில்லை. நாளைக்கு 'இது என் கையெழுத்து இல்லை' என்று அவர் சொல்ல முடியாதிருக்க வேண்டும், அவ்வளவே. மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. மனத்தை ஒப்பிட்டுப் பார்க்க வங்கியில் மாதிரி எதுவும் இல்லை.

சட்டம் இதைவிட அதிகம் கேட்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வதைச் சம்மதம் என்கிறது. விமர்சனம் எழுதுகிறவனுக்கு இது மிகத் துணிச்சலான வரையறை. ஒரு கவிதையை ஒரே அர்த்தத்தில் வாசித்த இரண்டு பேரை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குள்ளேயே நான் சந்தித்ததில்லை. 1959-இல் 'எழுத்து' வந்த காலந்தொட்டுப் புதுக்கவிதையின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு 'புரியவில்லை' என்பது. நம் தரப்பில் அதற்குப் பல பதில்கள் சொல்லப்பட்டன. புரிதல் படிப்படியாக நிகழ்வது, புரிவதற்கு முன்பே கவிதை தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது, முழுக்கப் புரிந்துவிட்டது என்பவனுக்கு அநேகமாக எதுவும் புரிந்திருக்காது, இப்படி. இந்தப் பதில்களை நம்புகிறவன் நான். ஆனால் இவற்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. கவிதையைத் தப்பாக வாசித்தால் மறுபடி வாசிக்கலாம். மறுவாசிப்புக்கு இடமில்லாத ஒன்றில் கையெழுத்துப் போடும்போது அரைகுறைப் புரிதலை அழகியலாக்கிக்கொள்வது பொறுப்பின்மை.

3

என் டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்கிறவர். 'நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல நல்லா ஆயிடும் சார். சிலருக்குத் திரும்ப வரலாம், அப்ப இன்னொரு தடவை பண்ணலாம். அந்தக் கணு அடிபட்டு நிரந்தரமா பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வர்றது நூத்துல ஒண்ணுக்கும் கீழ' என்றார். அழிக்க வேண்டிய பாதைக்கும் அழியக் கூடாத கணுவுக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் தூரம் என்பதையும் அவரே சொன்னார்.

'அந்த ஒருத்தர் யாருன்னு முன்கூட்டியே தெரியுமா, டாக்டர்?'

'தெரிஞ்சா அவருக்கு நான் பண்ணவே மாட்டேனே, சார்.'

சாதாரணமாகச் சொன்ன பதில். ஆனால் எண் என்ற வகை அறிவின் ஸ்வரூபம் அதில் முழுசாக இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று தெரியாதவரைதான் அந்த எண்ணுக்கு உயிர். டாக்டருக்கு அது அவர் செய்ததும் செய்யப்போவதுமான நூற்றுக்கணக்கான காரியங்களின் மேல் பரவிய அறிவு. எனக்கு அது பங்குபோட முடியாதது. நூற்றில் ஒரு பங்கு பேஸ்மேக்கரை யாருக்கும் பொருத்துவதில்லை. எண்ணை இருவரும் ஒப்புக்கொள்கிறோம், ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. 13-ஆம் பிரிவு இந்த இடத்தில் தடுமாறுகிறது.

'ஆபத்து' என்ற சொல்லுக்கும் நிலையான அர்த்தம் இல்லை. வயரைச் செலுத்தி இதயத் திசுவை அழிக்கும் முறையை 1982-இல் மெல்வின் ஷைன்மன் குழுவினரும் ஜான் கல்லகர் குழுவினரும் தனித்தனியே அறிவித்தார்கள். அன்று ரேடியோ அலைவரிசை இல்லை. வயரின் நுனி வழியே ஒரு மின் அதிர்ச்சி. மருந்துக்கு அடங்காத நோயாளிகளுக்கு அவர்கள் வேண்டுமென்றே அழித்தது அந்த ஒரே வாசலைத்தான். மேலே நடக்கும் கலவரம் கீழே இறங்காமல் நின்றுவிடும். அதன்பின் நோயாளி பேஸ்மேக்கரோடு வாழ வேண்டும். என் படிவத்தில் ஆபத்துகளின் பட்டியலில் இருப்பது அன்று சிகிச்சையின் இலக்காக இருந்தது. அவர்களும் சம்மதித்துத்தான் படுத்திருப்பார்கள். ஆனால் வேறு வழியில்லாதவன் தரும் சம்மதம் ஒரு வகை. மாத்திரையோடு காலம் தள்ளலாம் என்ற வழி திறந்திருக்கும்போது நான் தருவது வேறு வகை. என்னுடையதே கனமானது என்று தோன்றுகிறது. நோய் என்னை அதற்குள் தள்ளிவிடவில்லை.

சூட்டுக்குப் பதிலாகக் குளிரால் செய்வதும் உண்டு. சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி அளவுக்குக் கொண்டுபோனால் திசு செத்துவிடுவதில்லை, செயலிழந்து கிடக்கும். கணு பாதிக்கப்படுகிறதா என்று அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். பாதிப்புத் தெரிந்தால் குளிரை நிறுத்திவிட்டால் போதும், பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். சரியான இடம் என்று உறுதியானால் இன்னும் கீழே கொண்டுபோய் அழிக்கலாம். இதைப் படித்தபோது, நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று பட்டது: திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய சம்மதம். டாக்டரிடம் கேட்டேன். 'அதுல கணுவுக்குப் பாதுகாப்பு கூட. ஆனா நோய் திரும்ப வர்றதும் கூட, சார்' என்றார். மீட்டுக்கொள்ளும் சௌகரியத்துக்கு ஒரு விலை வைக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு முறைகளுக்கு இடையே தேர்ந்தெடுப்பதை விஞ்ஞானம் மட்டும் முடித்துவைக்க முடியாது. எதை இழக்க நான் அதிகம் பயப்படுகிறேன் என்பதும் அதில் இருக்கிறது. அதற்கான விடை டாக்டரின் படிப்பில் இல்லை.

4

நம் மரபில் இந்தச் சம்மதத்துக்கு என்ன ஸ்தானம் என்று பார்த்தேன். திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், 950, மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவன். நோயாளியை மருத்துவத்தின் ஒரு அங்கமாகவே, அதுவும் முதலாவதாக, வைத்தது பெரிய விஷயம். பரிமேலழகர் உரை நோயாளிக்கு வேண்டியவை நான்கு என்கிறது. பொருள் இருக்க வேண்டும். வைத்தியன் வழியில் நிற்க வேண்டும். நோயின் நிலையைச் சொல்லத் தெரிய வேண்டும். மருந்தின் துன்பத்தைப் பொறுக்க வேண்டும். பொருளை முதலில் வைத்ததற்கு வங்கிக் குமாஸ்தா ஆட்சேபம் சொல்ல மாட்டான். ஆனால் வைத்தியன் வழியில் நிற்பது என்று ஆனபிறகு சம்மதத்துக்கு அங்கே வேலையில்லை. வைத்தியனைத் தேர்ந்து அவன் வாசலுக்குப் போனதோடு நோயாளியின் சுதந்திரம் முடிந்துவிடுகிறது. நோயைச் சொல்வதற்கு அவனுக்கு நாக்கு வேண்டும் என்று எதிர்பார்த்த உரை, வேண்டும், வேண்டாம் என்று சொல்வதற்கு அதை எதிர்பார்க்கவில்லை.

வைஷ்ணவத்தில் ஒரு பழைய தகராறு உண்டு. வடகலையாருக்கு மர்க்கட நியாயம்: குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையாருக்கு மார்ஜார நியாயம்: பூனைக்குட்டி சும்மா இருக்க, தாய் கவ்விக்கொண்டு போகும். கையெழுத்துப் போடும்வரை நோயாளி குரங்குக் குட்டி, மேஜைமேல் படுத்தபின் பூனைக்குட்டி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பலர் இப்படித்தான் ஆறுதல் கொள்கிறார்கள்; டாக்டரைக் கடவுள் என்று சொல்லும் பேச்சு அங்கிருந்து வருகிறது. எனக்கு அது உதவவில்லை. இரண்டு நியாயங்களிலும் தாய் தவறவிடக்கூடும் என்ற சாத்தியத்துக்கு இடமே இல்லை. தகராறு முழுக்கக் குட்டியைப் பற்றியது. என் டாக்டரோ நூற்றில் ஒன்றுக்குக் கீழே என்று தானே வாய்விட்டுச் சொல்கிறவர். தவறக்கூடும் என்று தன்னைப் பற்றிச் சொல்கிற ஒருவரிடம் சரணடைவது அவருடைய நேர்மையைக் காதில் வாங்கிக்கொள்ளாத காரியம்.

5

1914-இல் நியூயார்க்கில் நீதிபதி கார்டோஸோ, வயதும் தெளிந்த மனமும் உள்ள ஒவ்வொருவருக்கும் தன் உடம்புக்கு என்ன செய்யப்படலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என்றார். நம் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. 1995-இல் தில்லியில் ஒரு பெண், மயக்கம் கொடுத்துச் செய்யும் பரிசோதனைக்குச் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் கிடந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008-இல் தீர்ப்பு வந்தது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயின் சம்மதம் மகளுடையது ஆகாது. முன்கூட்டியே இரண்டுக்கும் சேர்த்துச் சம்மதம் வாங்கலாம் என்றும் தீர்ப்பு அனுமதிக்கிறது. என் படிவம் அப்படிச் சேர்த்து வாங்குவது. அதே தீர்ப்பில், எட்டாத ஆபத்துகளையெல்லாம் சொல்லி நோயாளியை மிரட்டத் தேவையில்லை என்றும் இருக்கிறது. எந்த எண்ணுக்குக் கீழே ஆபத்து எட்டாததாகிறது என்பதை எந்த நீதிபதியும் எனக்காகச் சொல்லிவிட முடியாது.

படிவத்தில் என் கையெழுத்துக்குக் கீழே உறவினருக்கு ஒரு கோடு இருக்கிறது. மனைவி அதைப் படித்துவிட்டு, 'நான் வேண்டாம்னு சொன்னா பண்ண மாட்டாங்களா?' என்று கேட்டாள்.

'பண்ணலாம். என் சம்மதம் போதும்.'

'அப்ப என் கையெழுத்து எதுக்குங்க?'

'சாட்சிக்கு.'

'எதுக்குச் சாட்சி?'

வங்கியில் சாட்சி என்பவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர். பத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அவர் பொறுப்பில்லை. அதைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'புரிஞ்சுதுன்னு என்னால போட முடியாது. டாக்டர்கிட்ட நீங்க கேட்டதை நானும் கூட இருந்து கேட்டேன். அதுக்கு வேணா போடறேன்' என்றாள்.

படிவத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாசகத்தை நான் யோசித்திருக்க முடியாது. கேள்வி கேட்பதற்கும் காதால் கேட்பதற்கும் தமிழில் ஒரே வினை. புரிதல் ஒருவனுக்குள் நடப்பது, அதற்கு வெளியிலிருந்து சாட்சி கிடையாது. கேட்டலுக்கு இரண்டு பேர் வேண்டும். என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது, எது கேட்கப்படாமல் விடப்பட்டது என்று பிறகு சொல்லவும் முடியும். 'புரிந்துகொண்டேன்' என்பதில் பாரம் முழுக்கக் கையெழுத்துப் போடுகிறவன் தலையில். 'கேட்டேன்' என்பதில் பாதி, பதில் சொன்னவரிடம் இருக்கிறது.

இதற்கு ஒரு ஆட்சேபம் உண்டு, அது நியாயமானதும்கூட. கேட்பதற்கு நேரம் வேண்டும், தைரியம் வேண்டும். டாக்டரிடம் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் என்னைப்போல் மூன்று தடவை போய்க் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இந்த ஆட்சேபம் 'கேட்டேன்' என்ற சொல்லின் குறையைக் காட்டவில்லை. கேட்க முடியாதவனிடமிருந்து 'புரிந்துகொண்டேன்' என்று எழுதி வாங்குவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது.

6

கேட்பதோடும் காரியம் முடியவில்லை. சுடும்போது கணு தொந்தரவுபட ஆரம்பித்தால் அதன் அறிகுறி திரையில் தெரியும். தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். நோய்ப் பாதை அதற்குள் அழிந்துவிட்டதா என்பது அப்போது நிச்சயமாக இருக்காது. அதே இடத்தருகே இன்னொரு தடவை சுடலாமா, அதோடு விட்டுவிடலாமா? நான் விழித்திருந்தாலும் அந்த நிமிஷத்தில் கட்டிலில் கிடப்பவனிடம் அபிப்பிராயம் கேட்கப் போவதில்லை, கேட்பதும் சரியில்லை. தீர்மானம் டாக்டருடையது. ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய ஒரு செய்தி அவரிடம் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. பேஸ்மேக்கரோடு குணமாவது, பழைய நோயோடு வீட்டுக்குத் திரும்புவது, இரண்டில் எதோடு வாழ நான் தயார் என்பது அது.

மூன்று வாரம் இதை யோசித்தேன். நோய் எனக்குப் பழகியது. கவுண்டரில் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பதை நான் தாங்கிக்கொள்ள முடியும். இன்னும் முப்பது நாற்பது வருஷம், பாட்டரி தீரும்போதெல்லாம் மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கருவியை நம்பியிருக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. பஸ் ஓட்டுகிற ஒருவர், நடுரோட்டில் திடீரென்று வரும் படபடப்பை நினைத்து, நேர் எதிராகச் சொல்லலாம். அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். மருத்துவம் இங்கே எங்கள் இருவருக்கும் ஒரே பதில் தர முடியாது.

போன வாரம் டாக்டரிடம் சொன்னேன்: 'சந்தேகம் வந்தா நிறுத்திடுங்க. நோய் திரும்ப வந்தா வரட்டும்.'

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 'அப்படி நிறுத்தினா, ஏன் முடிக்காம விட்டீங்கன்னு அப்புறம் கேக்க மாட்டீங்களே, சார்?' என்றார்.

'மாட்டேன், டாக்டர்.'

கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். நான்கு பக்கப் படிவத்தில் இருப்பதையெல்லாம் நான் கேட்டிருக்கிறேன், கேட்டதற்குக் கையெழுத்தும் போடுவேன். ஆனால் அறிந்து தருகிற சம்மதம் என்று நான் சொல்லக்கூடியது, படிவத்தில் இல்லாத அந்த ஒரு வரிதான். அதற்குக் கீழே 'புரிந்துகொண்டேன்' என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.